தட்டிப் பார், எழுதி வை

சந்தையில் மாடு வாங்குகிறோம். பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். நடக்க விட்டுப் பார்க்கிறோம். மண்பானை வாங்குகிறோம். விரலால் தட்டிப் பார்க்கிறோம். கணீர் என்று ஒலித்தால் நல்ல பானை. சத்தம் மழுங்கினால் எங்கோ கீறல் இருக்கிறது.

ஒரு பானைக்கே இவ்வளவு சோதனை. பல லட்சம் ரூபாய் கொடுத்து வீடு வாங்கும்போது என்ன பார்க்கிறோம்? சுவரின் வண்ணத்தைப் பார்க்கிறோம். தரை பளபளப்பதைப் பார்க்கிறோம். கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

முதல் மழை வருகிறது. சுவரில் ஓதம் ஏறுகிறது. வண்ணம் பொரிந்து உதிர்கிறது. குளியலறைத் தண்ணீர் படுக்கையறைப் பக்கம் ஓடி வருகிறது. வங்கிக் கடனோ இருபது வருடம் கட்ட வேண்டும். யாரிடம் போய்ச் சொல்வது?

வாங்குவதற்கு முன்பே வீட்டைத் தட்டிப் பார்த்துச் சொல்ல ஒருவர் இருந்தால் நல்லது அல்லவா? அப்படி ஒரு வேலை இருக்கிறது. ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வருகிறார். அதுபோல இவர் வீட்டுப் பரிசோதகர். ஆங்கிலம் கலந்து பேசுகிறவர்கள் 'ஹோம் இன்ஸ்பெக்டர்' என்பார்கள்.

வைட்ஃபீல்டில் ஒரு புதிய வேலை

பெங்களூருவின் கிழக்கே வைட்ஃபீல்ட் இருக்கிறது. 1882-ல் மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் இங்கே 3,900 ஏக்கர் நிலம் கொடுத்தார். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் விவசாயம் செய்து வாழ்வதற்காகக் கொடுத்தார். அந்தக் குடும்பங்களின் சங்கத்தை நடத்தியவர் டி.எஸ். ஒயிட். அவர் பெயரால்தான் ஊருக்கு வைட்ஃபீல்ட் என்று பெயர் வந்தது.

நூறு ஆண்டுகள் இது அமைதியான சிற்றூர். 1990-களில் இங்கே பெரிய கணினிப் பூங்கா எழுந்தது. வேலை தேடி மக்கள் வந்தார்கள். அவர்களுக்கு வீடு வேண்டும். ஹூடி, காடுகோடி, வர்த்தூர் என்று எல்லாப் பக்கமும் அடுக்குமாடிகள் எழுந்தன. 2023 மார்ச்சில் மெட்ரோ ரயிலும் வந்தது.

இந்த அடுக்குமாடிகளைக் கட்டியவர்கள் யார்? வட கர்நாடகத்திலிருந்து வந்தவர்கள். ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து வந்தவர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த கொத்தனார்கள், சித்தாள்கள், வண்ணம் பூசுபவர்கள்.

வீடு எங்கே ஏமாற்றும் என்று இவர்களுக்குத் தெரியும். எந்தப் பூச்சில் சிமெண்ட் குறைந்தது, எந்த டைல்ஸுக்கு அடியில் கலவை நிறையவில்லை என்று இவர்கள் கை அறியும். அந்த அறிவை முறையாகச் செய்து, எழுதிக் கொடுத்தால் அதுவே பரிசோதனை. பெங்களூருவில் இப்போது இதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. வீடு வாங்குகிறவர் கூலி கொடுத்து இவர்களை அழைக்கிறார்.

விரல் சொன்ன சாட்சி

இந்தச் சோதனை பணக்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். சென்னையில் நடந்த ஒன்றைப் பாருங்கள்.

புளியந்தோப்பில் கே.பி. பார்க் என்ற இடம் இருக்கிறது. அங்கே குடிசை மாற்று வாரியம் ஏழைக் குடும்பங்களுக்கு அடுக்குமாடி வீடுகள் கட்டியது. 2021 ஆகஸ்டில் அங்கே குடியிருந்தவர்கள் சுவரை விரலால் சுரண்டினார்கள். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. அதைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டினார்கள். செய்தி பரவியது. சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்களைக் கொண்டு கட்டடத்தைச் சோதிக்க அரசு ஏற்பாடு செய்தது.

முதலில் சோதித்தது யார்? அங்கே வாழ்ந்த மக்கள்தான். அவர்களிடம் கருவி இல்லை. விரல் இருந்தது. பார்த்ததைப் படத்தோடு சாட்சியாக வைத்தார்கள். அதனால்தான் குரல் மேலே எட்டியது.

பையில் என்ன இருக்கும்?

பரிசோதகரின் பையில் இருப்பவை பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவைதான்.

அளவு நாடா. ரசமட்டம். தூக்குக்குண்டு. டார்ச் விளக்கு. தட்டிப் பார்க்க ஒரு சிறு கோல். பென்சில், நோட்டு. படம் எடுக்க ஒரு கைப்பேசி.

இவற்றோடு சில புதுக் கருவிகளும் உண்டு. ஒன்று ஈரமானி. சுவரில் வைத்தால் ஈரம் எவ்வளவு என்று காட்டும். இன்னொன்று மின்சாரப் பிளக் சோதனைக் கருவி. பிளக்கில் செருகினால் சிறு விளக்குகள் எரியும். கம்பி மாறி இருக்கிறதா, எர்த் இருக்கிறதா என்று அவற்றிலிருந்து தெரியும். பெரிய நிறுவனங்கள் வெப்பக் கேமராவும் வைத்திருக்கின்றன. ஈரமான இடம் பெரும்பாலும் குளிர்ந்திருக்கும். அந்தக் கேமராவில் அது வேறு நிறமாகத் தெரியும்.

சோதனை எப்படி நடக்கிறது?

நல்ல பரிசோதகர் மனம் போனபடி பார்ப்பதில்லை. ஒரு வரிசை வைத்துக்கொள்கிறார். வெளியே தொடங்கி உள்ளே வருகிறார். ஒவ்வொரு அறையிலும் மேலிருந்து கீழே பார்க்கிறார். சிறிய வீட்டுக்கே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.

முதலில் சுற்றுப்புறம். நிலம் எந்தப் பக்கம் சரிகிறது? மழைநீர் எங்கே போகும்? பக்கத்தில் ஏரியோ கால்வாயோ இருக்கிறதா? 2022 செப்டம்பரில் பெரிய மழை பெய்தது. கிழக்கு பெங்களூருவில் பல குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. ஆகவே தண்ணீரின் வழியை முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது சுவரும் கூரையும். ஓதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் ஓதம் தானே தெரியும். கோடையில் ஒளிந்துகொள்ளும். அப்போது அடையாளங்களைத் தேட வேண்டும். வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். வண்ணம் கொப்புளம் போல எழும்பியிருக்கும். பூஞ்சை வாடை அடிக்கும். ஒரே அறையில் ஒரு மூலைக்கு மட்டும் புது வண்ணம் பூசியிருக்கிறார்களா? அந்த இடத்தில் ஈரமானியை வையுங்கள்.

மூன்றாவது தரை. சிறு கோலால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்ட வேண்டும். நான்கு மூலையிலும் தட்ட வேண்டும். நடுவிலும் தட்ட வேண்டும். கெட்டியான சத்தம் வந்தால் அடியில் கலவை நிறைந்திருக்கிறது. பொள்ளலான சத்தம் வந்தால் அடியில் காற்று இருக்கிறது. பாரமான பொருள் விழுந்தால் அந்த டைல்ஸ் உடையும்.

நான்காவது தண்ணீர். குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். தண்ணீர் எங்கே ஓடுகிறது? வடிகுழாயை நோக்கி ஓடினால் வாட்டம் சரி. கதவை நோக்கி ஓடினால் வாட்டம் தப்பு. எல்லாக் குழாயையும் திறந்து பாருங்கள். பிறகு எல்லாவற்றையும் மூடுங்கள். தண்ணீர் மீட்டர் இருந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் மாறியிருந்தால் எங்கோ கசிகிறது.

ஐந்தாவது மின்சாரம். மெயின் போர்டில் உயிர் காக்கும் ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும். மின்சாரம் வழி தவறிக் கசிந்தால் அது தானே விழுந்துவிடும். வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும் சுவிட்சைப் போடுகிறார்கள். ஓர் ஆம்பியரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 30 பங்கு. அந்தச் சுவிட்சில் சோதிப்பதற்கென்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். அழுத்தினால் உடனே மின்சாரம் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அந்தச் சுவிட்சை நம்ப முடியாது.

ஆறாவது கதவும் சன்னலும். ஒவ்வொன்றையும் திறந்து மூட வேண்டும். தாழ்ப்பாள் விழுகிறதா? கதவு தானே ஆடித் திறக்கிறதா? தானே திறந்தால் நிலைச்சட்டம் தூக்குக்கு நிற்கவில்லை.

ஏழாவது அளவு. இதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். வாருங்கள், சேர்ந்து போடுவோம்.

ஓர் அறை 10 அடி அகலம், 12 அடி நீளம் என்று தாளில் இருக்கிறது. அதாவது 120 சதுர அடி. நாடா வைத்து அளந்தால் இரண்டு பக்கமும் 4 அங்குலம் குறைகிறது. 9 அடி 8 அங்குலம், 11 அடி 8 அங்குலம். பெருக்கினால் சுமார் 113 சதுர அடிதான் வருகிறது. 7 சதுர அடி குறைவு. சதுர அடி 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏழெட்டு ஐம்பத்தாறு. ஓர் அறையில் மட்டும் 56,000 ரூபாய். நாலு அங்குலம் சின்னதாகத் தெரிந்தது. இப்போது எப்படித் தெரிகிறது?

எல்லா விரிசலும் ஒன்றல்ல

வீடு வாங்குகிறவரை அதிகம் பயமுறுத்துவது விரிசல். ஓர் அம்மாவும் பரிசோதகரும் பேசுவது போல இதைப் பார்ப்போம்.

"தம்பி, இங்கே பாருங்க. சுவர் வெடிச்சிருக்கே! வீடு விழுந்துடுமா?"

"பயப்படாதீங்க அம்மா. இது மயிரிழை மாதிரி இருக்கு. பூச்சு காயும்போது இப்படி வரும். பூசி மூடிடலாம்."

"அப்போ அந்தத் தூண் ஓரமா நேரா கோடு ஓடுதே?"

"தூண் கான்கிரீட். சுவர் செங்கல். வெயிலுக்கு இரண்டும் ஒரே மாதிரி விரியாது. சேருற இடத்துல வலை வெச்சுப் பூசணும். வெக்கலைன்னா கோடு விடும். அதையும் எழுதிக்கிறேன். சரி பண்ணலாம்."

"எதுக்குத்தான் தம்பி பயப்படணும்?"

"சுவர்ல படிக்கட்டு மாதிரி சாய்வா, அகலமா ஓடுச்சுன்னா கவனிக்கணும். அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். தூண்லயோ பீம்லயோ விரிசல் இருந்தாலும் கவனிக்கணும். துருக் கறை தெரிஞ்சா உள்ளே கம்பி துருப்பிடிக்குது. அப்போ நான் முடிவு சொல்லக் கூடாது அம்மா. கட்டட உறுதி பார்க்கிற பொறியாளரைக் கூப்பிடணும்."

விரிசல் வளர்கிறதா என்று அறிய எளிய வழி இருக்கிறது. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போடுங்கள். பக்கத்தில் தேதியை எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்துப் பாருங்கள். விரிசல் கோட்டைத் தாண்டிப் போயிருந்தால் அது வளர்கிறது. உடனே பொறியாளரிடம் காட்டுங்கள்.

பரிசோதகரால் முடியாதது

வீட்டுப் பரிசோதகர் கண்ணுக்குத் தெரிவதைத்தான் பார்க்கிறார். சுவரை உடைத்துப் பார்ப்பதில்லை. கட்டடம் நூறு வருடம் நிற்கும் என்று அவர் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது.

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 61 பேர் இறந்தார்கள். அங்கே வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள் இடிபாட்டில் புதைந்தார்கள். அஸ்திவாரம், மண், தூண், கம்பி ஆகியவற்றின் வலுவை அதற்கென்று படித்த பொறியாளர்தான் சோதிக்க வேண்டும். டைல்ஸைத் தட்டிப் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது.

பத்திரமும் அப்படித்தான். நிலம் யாருடையது, கட்ட அனுமதி உண்டா, குடியேறும் சான்று உண்டா என்பதை வக்கீலிடம் காட்டிக் கேட்க வேண்டும். குடியேறும் சான்றைப் பெங்களூருவில் 'ஓ.சி.' என்று சொல்வார்கள்.

தன் எல்லையைத் தெரிந்தவரே நல்ல பரிசோதகர்.

எழுதுவதே பாதி வேலை

பரிசோதகர் பார்த்துவிட்டு வாயால் சொன்னால் போதுமா? போதாது. கட்டியவர் "அப்படி எதுவும் இல்லை" என்று சொல்லிவிடுவார். எழுத்தில் இருந்தால்தான் பேச்சுக்கு வலு வரும்.

"பாத்ரூம் சரியில்லை." இப்படி எழுதினால் பயன் இல்லை. எந்தக் குளியலறை? என்ன சரியில்லை? எப்படித் தெரிந்தது?

இப்படி எழுத வேண்டும்:

இடம்: பெரிய படுக்கையறையின் குளியலறை.
பழுது: தண்ணீர் வடிகுழாய்க்குப் போகவில்லை. கதவுப் பக்கம் தேங்குகிறது.
சோதித்த விதம்: ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் பார்த்தேன்.
படம்: 14.

நாலே வரிகள். ஆனால் இதை யாரும் மறுக்க முடியாது. மறுத்தால் மறுபடி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் காட்டலாம்.

இந்த எழுத்துக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2016-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதை மக்கள் 'ரேரா' என்று சொல்கிறார்கள். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டட அமைப்பிலோ வேலைத் தரத்திலோ பழுது தெரிந்தால் கட்டியவரிடம் சொல்லலாம். அவர் 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். அதற்குத் தனிக் காசு கேட்கக் கூடாது. செய்யாவிட்டால் ரேரா ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கர்நாடக ஆணையத்தின் அலுவலகம் பெங்களூருவிலேயே இருக்கிறது. மிகச் சிறிய கட்டடங்கள் இந்தச் சட்டத்தில் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆகவே வாங்கும் முன்பே, பதிவு எண் உண்டா என்று கேளுங்கள்.

புகார் கொடுக்க என்ன வேண்டும்? தேதி போட்ட எழுத்து வேண்டும். படம் வேண்டும். அதைத்தான் பரிசோதகர் தருகிறார்.

இந்த வேலைக்கு எப்படிப் போவது?

இந்தியாவில் வீட்டுப் பரிசோதகருக்கென்று தனி அரசு உரிமம் கிடையாது. அமெரிக்காவில் 1976-லேயே இவர்களுக்கு ஒரு சங்கம் அமைந்தது. அங்கே பல மாநிலங்களில் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். இங்கே உரிமம் இல்லாததால், பயிற்சியும் நாணயமும்தான் நம் உரிமம்.

நிறுவனங்கள் பெரும்பாலும் கட்டடப் பொறியியல் படித்தவர்களையே பரிசோதகராக எடுக்கின்றன. அதைக் கேட்டுச் சோர்ந்துவிட வேண்டாம். படிப்படியாகப் போகலாம்.

முதல் படி, கைத்தொழிலை முழுமையாகக் கற்பது. கொத்து வேலை, குழாய் வேலை, மின்வேலை ஆகியவற்றில் ஒன்றாவது நன்றாகத் தெரிய வேண்டும்.

இரண்டாம் படி, சான்றிதழ். 1967-ல் மும்பையில் தொழிலாளர்களுக்காக ஒரு கல்விக் கூடம் தொடங்கியது. அந்த வகைக் கூடங்களுக்கு 2000-ல் 'ஜன் சிக்ஷண் சன்ஸ்தான்' என்று பெயர் வைத்தார்கள். பெங்களூருவிலும் உண்டு. புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களும் அங்கே தொழில் கற்கலாம். மத்திய அரசின் திறன் வளர்ச்சித் திட்டம் 2015-ல் தொடங்கியது. ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முறையும் அதில் இருக்கிறது.

மூன்றாம் படி, பத்தாம் வகுப்பு. விட்ட படிப்பை தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதலாம். வயது தடை இல்லை. பிறகு ஐ.டி.ஐ., டிப்ளமோ என்று போகலாம்.

நீங்கள் போக முடியாவிட்டால் உங்கள் மகளோ மகனோ போகலாம். வீட்டில் கொத்தனார் ஒருவர் இருந்தால் அந்தப் பிள்ளைக்குப் பாதிப் பாடம் முன்பே தெரியும்.

மூன்று கட்டுப்பாடுகள்

ஒன்று. கட்டியவரிடம் காசு வாங்கக் கூடாது. வீடு வாங்குகிறவர் கூலி தருகிறார். அவருக்கே உண்மை சொல்ல வேண்டும்.

இரண்டு. பழுதைக் கண்டுபிடித்தவரே பழுது பார்க்கும் வேலையையும் எடுக்கக் கூடாது. எடுத்தால் இல்லாத பழுதையும் எழுதத் தோன்றும்.

மூன்று. உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. ஈரக் கையால் மின்சாரத்தைத் தொடக் கூடாது. மூடிக் கிடந்த தொட்டிக்குள் இறங்கவே கூடாது. தண்ணீர்த் தொட்டியானாலும் கழிவுத் தொட்டியானாலும் உள்ளே நச்சுக் காற்று இருக்கலாம். மேலேயிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தெரியாததைத் "தெரியவில்லை" என்று எழுதுங்கள்.

செய்து பார்ப்போம்

இன்றே உங்கள் வீட்டில் தொடங்கலாம். வாடகை வீடானாலும் சரி.

1. குளியலறையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். அது எந்தப் பக்கம் ஓடுகிறது?
2. உங்கள் மெயின் போர்டில் சோதனைப் பொத்தான் உள்ள சுவிட்ச் இருக்கிறதா?
3. ஓர் அறையின் நீள அகலத்தை அளந்து பெருக்குங்கள். எத்தனை சதுர அடி?
4. சுவரில் விரிசல் இருந்தால் முனையில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள்.
5. நீங்கள் கண்ட ஒரு பழுதை நாலு வரியில் எழுதுங்கள். இடம், பழுது, சோதித்த விதம், தேதி.

எழுதியதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்காமலே பழுது எங்கே என்று அவர் போய்க் காட்டினால், நீங்கள் சரியாக எழுதியிருக்கிறீர்கள்.